பழைய ஸ்ட்ராட்டா, ரீஇஷ்யூவா? முதலில் நெக்கைப் பாருங்கள்

முதல் எலக்ட்ரிக் கிடார் வாங்கப் போகிற தம்பி ஒருவன் போன மாதம் போட்டோ அனுப்பிக் கேட்டான்: "அண்ணா, பழைய ஸ்ட்ராட் ஒண்ணு வருது, கொஞ்சம் கூடப் போட்டா புது ரீஇஷ்யூவே கிடைக்குது, எதை எடுக்கட்டும்?" பத்து போட்டோ அனுப்பியிருந்தான். பெயின்ட் பெயர்ந்த இடம் நாலு கோணத்தில் இருந்தது, லோகோ இருந்தது, கேஸ்கூட இருந்தது. நெக்கை, அதாவது விரல் வைத்து வாசிக்கிற நீண்ட கழுத்தைப் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. வீடு பார்க்கப் போனவர் சுவர்க் கலரைப் பார்த்துவிட்டு அஸ்திவாரத்தை விட்டுவிட்டு வந்த மாதிரி.

அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு அமெரிக்கக் கம்பெனியான ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரை (சுருக்கமாக ஸ்ட்ராட்) எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பழையதும் ரீஇஷ்யூவும் அதிகமாகக் கண்ணில் படுவது அதில்தான்.

படி 1: ரீஇஷ்யூ என்றால் என்ன

புதுக் கிடார் எல்லாம் ரீஇஷ்யூ இல்லை. ஸ்ட்ராட் 1954-இல் வந்தது. 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அதற்கப்புறம், குறிப்பாக 70-களில் வந்தவற்றில் தரம் ஏறி இறங்குகிறது என்று வாசிப்பவர்கள் சலித்துக்கொண்டு, விற்பனைக்கு முந்தைய கிடார்களைத் தேட ஆரம்பித்தார்கள். ஜப்பானில் டோக்காய், கிரெகோ போன்ற கிடார் கம்பெனிக்காரர்கள் அந்தப் பழைய மாடல்களை அச்சு அசலாகக் காப்பியடித்து விற்கவும் தொடங்கிவிட்டார்கள். நம் பழைய கிடாரை அடுத்தவன் விற்கும்போது நாமே ஏன் விற்கக் கூடாது என்று 1982-இல் ஃபெண்டரே 1957, 1962 மாடல்களைத் திரும்பப் போட்டது. ஃபெண்டர் ஜப்பான் என்ற கூட்டு நிறுவனம் தொடங்கியதும் அதே வருஷம்தான்.

ஆக, ரீஇஷ்யூ என்பது பழைய அளவுகளை வேண்டுமென்றே திரும்பச் செய்வது. அந்தக் காலத்து நல்லதோடு அந்தக் காலத்துத் தொல்லையும் சேர்ந்துதான் வரும். கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

படி 2: அந்தப் பழைய அளவு உங்களுக்கு வேண்டுமா

இதை முடிவு செய்யாமல் செகண்ட் ஹேண்டா புதுசா என்று யோசிப்பதில் அர்த்தமில்லை.

நெக்கின் முன்பக்கம், ஃப்ரெட் எனும் உலோகப் பட்டைகளைக் குறுக்கே பதித்த பலகைதான் ஃப்ரெட்போர்டு. அது தட்டையாக இருக்காது, லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவைத்தான் ரேடியஸ் என்பார்கள். பழைய ஃபெண்டரில் 7.25 இன்ச், இப்போது சாதாரணமாக வருகிற ஸ்ட்ராட்டில் 9.5 இன்ச். எண் சிறியதாக இருந்தால் வளைவு அதிகம். பேரி கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்துவது) பிடிக்க 7.25 நன்றாகவே இருக்கும், விரல் தானாக உட்காரும். சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. கடையில் ஒன்று செய்து பாருங்கள்: மெல்லிய முதல் கம்பியை 14-வது ஃப்ரெட்டில் அழுத்தி, ஒரு முழு சுரம் ஏறுகிற அளவுக்கு மேலே தள்ளுங்கள். கம்பி ஓரத்திலிருந்து வளைவின் மேட்டை நோக்கி நகரும். கம்பிகள் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தால், மேட்டில் இருக்கிற அடுத்த ஃப்ரெட்களில் உரசி, பாதி தூரத்திலேயே ஒலி 'டப்' என்று செத்துப் போகும். கம்பிகளைக் கொஞ்சம் உயர்த்தினால் சரியாகிவிடும், ஆனால் அப்புறம் புதிதாகப் பழகுகிற விரலுக்கு வலி கூடும். கிடாரில் கமகம் வாசித்துப் பார்க்கிற ஆசை இருந்தால் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள், ஏனென்றால் அதில் கம்பியை இழுக்கிற வேலைதான் பாதி.

அடுத்தது டிரஸ் ராட். நெக்குக்குள் ஓடுகிற இரும்புத் தண்டு அது. நெக் வளைந்தால் அதன் முனையில் இருக்கிற நட்டைத் திருப்பித்தான் நிமிர்த்துவோம். இன்றைய ஸ்ட்ராட்டில் நட்டு தலைப்பக்கம் இருக்கும், ஆலன் கீயை (எல் வடிவ அறுகோணச் சாவி) நுழைத்து நின்ற இடத்திலேயே திருப்பலாம். 50, 60-களின் ஸ்ட்ராட்டிலும், அதை அப்படியே பின்பற்றுகிற ரீஇஷ்யூவிலும் அது உடலோடு சேருகிற அடிப்பக்கம் இருக்கும். கம்பியைத் தளர்த்தி, பின்னால் நாலு ஸ்க்ரூவையும் இளக்கி, நெக்கைத் தூக்கி, கால் சுற்று திருப்பி, திரும்ப மாட்டி, ட்யூன் செய்து பார்த்தால்... போதவில்லை, மறுபடி முதலிலிருந்து. மே மாத வெயில், நவம்பர் ஈரம், ராத்திரியானால் ஏசி என்று வாழ்கிற சென்னை வீட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இந்த வேலை வரும். எனக்குப் பழகிவிட்டது. புதியவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்க்வையரின் கிளாசிக் வைப் வரிசையில் 50, 60 என்று போட்டிருந்தாலும் ரேடியஸ் 9.5 இன்ச், நட்டும் தலைப்பக்கம்தான். தோற்றம் பழசு, வசதி புதுசு. ஃபெண்டர் வின்டேராவின் 60 ஸ்ட்ராட், அமெரிக்கன் விண்டேஜ் 2 வரிசையின் 1957, 1961 ஸ்ட்ராட்கள் எல்லாம் 7.25. வாங்கும் முன் விவரப் பட்டியலில் ரேடியஸையும் டிரஸ் ராட் நட்டின் இடத்தையும் படித்துவிடுங்கள்.

படி 3: செகண்ட் ஹேண்டைப் பார்க்கப் போகும்போது

எடுத்துப் போக வேண்டியவை: ஆலன் கீ செட், ஒரு விசிட்டிங் கார்டு, உங்கள் சொந்தக் கேபிள். பகல் வெளிச்சத்தில் போங்கள். நான் முதல் ஸ்ட்ராட்டை ராத்திரி எட்டு மணிக்கு ஒரு அபார்ட்மென்ட் ட்யூப்லைட் வெளிச்சத்தில் வாங்கினேன். அருமையான ஒலி, பேரம் பேசி விலையும் இறக்கியாயிற்று என்று ஒரே குஷி. வீட்டுக்கு வந்து பார்த்தால் டிரஸ் ராட் நட்டு கடைசிவரை முறுக்கப்பட்டிருக்கிறது, அப்படியும் நெக் வில் மாதிரி வளைந்தே நிற்கிறது. இனித் திருப்ப இடமில்லை. கடைசியில் வேறு நெக் வாங்கி மாட்டினேன். எல்லாம் கூட்டிப் பார்த்தால் புதுசை விட அதிகம்.

அதனால் முதல் வேலை இது. கிடாரை வாசிக்கிற நிலையில் மடியில் வைத்துக்கொண்டு, தடித்த ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், நெக் உடலோடு சேருகிற இடத்து ஃப்ரெட்டில் மறு கையாலும் அழுத்துங்கள். இழுத்துப் பிடித்த கம்பி இப்போது உங்கள் ஸ்கேல். நடுவில், 7 அல்லது 8-வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி, அதாவது கால் மில்லிமீட்டர் போல இருந்தால் சரி. ஒரு ரூபாய் நாணயமே நுழைகிறது என்றால் வளைவு அதிகம். இடைவெளியே இல்லாமல் கம்பி ஃப்ரெட்டில் படுத்திருந்தால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கலாம். இரண்டுமே திருத்தக்கூடியவைதான், ஆனால் நட்டு வேலை செய்ய வேண்டும். விற்பவரிடம் கேட்டுவிட்டுக் கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். திருப்ப விட மாட்டேன் என்றால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் ஃப்ரெட். முதல் நாலைந்து ஃப்ரெட்களில் கம்பிக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கும், நகத்தை ஓட்டினால் தெரியும். லேசான பள்ளத்தை ராவிச் சமப்படுத்தலாம், அதுவும் ஃப்ரெட்டில் உயரம் மிச்சமிருந்தால்தான். பழைய அளவு ஃப்ரெட் ஏற்கெனவே சின்னது, அதில் ராவ அதிகம் இருக்காது. எல்லா ஃப்ரெட்டையும் மாற்றுவது பெரிய செலவு, ஊரில் அதை ஒழுங்காகச் செய்கிற ஆள் இருக்கிறாரா என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊர்க் கிடார் என்றால் பிரிட்ஜில் (உடலில் கம்பிகள் முடிகிற பாகம்) கம்பி உட்காருகிற சேடில்களின் குட்டி ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும். திருப்பிப் பாருங்கள். அமெரிக்க, மெக்ஸிகோ ஸ்ட்ராட்டுக்கு 0.050 இன்ச் கீ, ஆசியாவில் செய்தவற்றுக்குப் பெரும்பாலும் 1.5 மி.மீ. மாற்றிப் போட்டால் ஸ்க்ரூவின் வாய் தேய்ந்து அதோடு போச்சு.

மின்சாரப் பகுதியைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம். டிஸ்டார்ஷன் இல்லாமல் சுத்தமான ஒலியில் ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) வைத்து, ஸ்விட்சின் ஒவ்வொரு நிலையிலும் வாசித்துப் பாருங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். 'ம்ம்ம்' என்ற இரைச்சல், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பின் பிறவிக் குணம். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசமாகக் கேட்கும், ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், பாதி குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

பழசு என்பதற்காகவே கூடுதல் விலை கேட்கிறார் என்றால் மட்டும் வருஷத்தை ஆராயுங்கள். 1976 வரை ஃபெண்டரின் சீரியல் எண் பெரும்பாலும் பின்பக்க உலோகத் தகட்டில் இருந்தது, அந்தத் தகட்டை நாலு ஸ்க்ரூ கழற்றி யார் வேண்டுமானாலும் மாற்றலாம். உள்ளே இருக்கிற குமிழ்ப் பாகத்தின் எண் இன்னும் உதவும்: 1376633 என்றிருந்தால் 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 66 வருஷம், 33 வாரம். கிடார் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது, யாராவது பாகத்தை மாற்றியிருந்தால் தவிர. நெக்கின் அடிப்பக்கத் தேதியையும் பார்க்கலாம். 65-க்கு முந்தைய அசல் ஸ்ட்ராட் என்று சொன்னால்? முதல் கிடாருக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள், அது சேகரிப்பவர்களின் சந்தை.

படி 4: கணக்கு

பழையதன் விலையோடு புதுக் கம்பி, செட்டப் (நெக் வளைவு, கம்பி உயரம் சரிசெய்வது), தேவைப்பட்டால் ஃப்ரெட் ராவுகிற செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகை அதே தரத்துப் புதுசின் விலையில் முக்கால் பங்கைத் தாண்டினால் நான் புதுசையே எடுப்பேன், வாரண்டிக்காகவாவது. இது என் சொந்த அளவுகோல், உங்களுக்கு ரிப்பேர் கைவேலை தெரியுமென்றால் தளர்த்திக்கொள்ளலாம். ஆம்புக்குப் பணம் ஒதுக்கினீர்களா என்பதையும் பாருங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள்.

பலருக்குத் தோன்றாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: செகண்ட் ஹேண்ட் ரீஇஷ்யூ. கடையை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கிவிடும், நாலு வருஷத்தில் நெக் எந்தப் பக்கம் வளையுமோ அதை வளைந்து காட்டியும் இருக்கும். ஆசையாக வாங்கி ஆறு மாதத்தில் மூலையில் சாய்த்துவிட்டவர்கள் விற்கிற கிடார்களில் ஃப்ரெட் தேய்ந்திருக்கவே இருக்காது.

அந்தத் தம்பி கடைசியில் கிட்டத்தட்ட அப்படித்தான் ஒன்று பிடித்தான், தோற்றத்தில் மட்டும் ரீஇஷ்யூ. வேலைக்கு வெளிநாடு கிளம்புகிற ஒருவரின் கிளாசிக் வைப், விளிம்பில் இரண்டு இடத்தில் பெயின்ட் பெயர்ந்தது. இந்தத் தடவை ஒரே ஒரு போட்டோதான் அனுப்பினான்: ஆறாவது கம்பிக்குக் கீழே, 7-வது ஃப்ரெட்டின் மேல், யாரோ ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்டின் விசிட்டிங் கார்டு.