டிஃபெண்டரில் விலக்கு கொடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

கணக்கு மென்பொருள் மெதுவாக ஓடுகிறது என்று சப்போர்ட்டுக்குப் போன் போட்டால், அவர்கள் முதலில் சொல்வது "சார், டி டிரைவை அப்படியே எக்ஸ்க்ளூஷன்ல போட்டுடுங்க" என்பதுதான். எக்ஸ்க்ளூஷன், அதாவது விலக்கு என்றால், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அந்த இடத்தைச் சோதிக்காமல் விட்டுவிடும். போட்டால் வேகம் வரும், பொய் இல்லை. ஆனால் யாரோ இறக்கிய ஜிப், பென்டிரைவிலிருந்து ஏற்றியது எல்லாம் அதே டிரைவில்தான் கிடக்கும், அதையும் சேர்த்தே ஆன்டிவைரஸ் கண்ணை மூடிக்கொள்ளும். டேட்டா இருக்கும் ஃபோல்டரை மட்டும் கொடுங்கள், போதும். டெம்ப் ஃபோல்டரையும் இஎக்ஸ்இ (புரோகிராம் ஃபைல்) மாதிரியான ஃபைல் வகையையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

நான் சூடுபட்ட இடம், விண்டோஸில் கட்டளை அடிக்கும் பவர்ஷெல். ஒரு ஃபோல்டரைச் சேர்க்க 'ஆட்-எம்பி-பிரிஃபரன்ஸ்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'செட்-எம்பி-பிரிஃபரன்ஸ்' என்று அடித்து, 22 கம்ப்யூட்டருக்கும் ஒரே ஸ்கிரிப்டாக அனுப்பிவிட்டேன். ஆட் என்றால் பட்டியலில் சேர்க்கும். செட் என்றால் பழைய பட்டியலைத் துடைத்துவிட்டுப் புதியதை மட்டும் வைக்கும். சிவப்பாக எந்த எச்சரிக்கையும் வராது. மறுநாள் காலை பில்லிங்கில் இருக்கும் அக்கா "தம்பி, சிஸ்டம் உறைஞ்சு நிக்குது" என்று கூப்பிட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. நல்லவேளை, விண்டோஸில் நடப்பதையெல்லாம் பதிவாகக் காட்டும் ஈவன்ட் வியூவரில் டிஃபெண்டர் பதிவுகளில் 5007 என்ற எண்ணில் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் எழுதியிருக்கும், அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினேன்.

அப்புறம் இந்த பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) விலக்கு. அதில் ஒரு இஎக்ஸ்இ-யின் பெயரைப் போட்டால் விலக்கு கிடைப்பது அந்த இஎக்ஸ்இ-க்கு அல்ல, அது திறக்கும் ஃபைல்களுக்கு. பெயரை மட்டும் போட்டால் அதே பெயரில் எந்த மூலையிலிருந்து ஓடும் புரோகிராமுக்கும் அந்தச் சலுகை போய்விடும், அதனால் முழுப் பாதையையும் கொடுங்கள். பாதையில் பயனரின் ஃபோல்டரைக் குறிக்கும் 'யூசர்புரொஃபைல்' போன்ற மாறிகளைப் போட்டு ஏமாறாதீர்கள்: டிஃபெண்டர் சிஸ்டம் கணக்கில் ஓடுவதால் நம் பயனரின் ஃபோல்டர் அதற்குத் தெரியாது.

எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்பு வைக்கும் குரூப் பாலிசியில் எல்லாம் சரியாக வைத்துவிட்டு, அந்தந்த கம்ப்யூட்டரின் லோக்கல் அட்மின் சேர்க்கும் விலக்குகளும் அதோடு கலக்கும்படி விட்டுவிடுவது இன்னொரு சறுக்கல். லோக்கல் பட்டியலை இணைக்கக் கூடாது என்று அதற்கென ஒரு பாலிசி இருக்கிறது, அதைப் போடாவிட்டால் அவரவர் இஷ்டத்துக்குச் சேர்ப்பார்கள்.

என்ன, எதற்கு, எப்போது சேர்த்தோம் என்று ஒரு எக்ஸெல்லில் எழுதி வையுங்கள். ரெண்டு வருஷம் முன்பு அன்இன்ஸ்டால் செய்த மென்பொருளின் ஃபோல்டர் எங்கள் பட்டியலில் போன மாதம் வரை இருந்தது.