அஸ்வெசும பட்டியலில் பெயர் இல்லையா? யாழ்ப்பாணத்தில் நாங்கள் போன வழி

என் சின்னம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறார். சித்தப்பா காலமாகி ஆறு வருடம். வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசு மாதாமாதம் தரும் அஸ்வெசும உதவிக்கான பட்டியல் ஒட்டிய நாளில் அதில் அவர் பெயர் இல்லை. "விடு தம்பி, எங்களுக்குக் குடுத்துவைச்சது இவ்வளவுதான்" என்று இருந்துவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. நாலு மாதம் அலைந்தோம், இப்போது காசு வருகிறது. அதே நிலையில் இருக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கே போவது? பிரதேச சபைக்கு அல்ல, பிரதேச செயலகத்துக்கு. சபை சந்தை, குப்பை, நூலகம் பார்க்கும். உதவித் திட்டங்கள் செயலகத்தின் வேலை. யாழ் மாவட்டத்தில் நெடுந்தீவு முதல் மருதங்கேணி வரை 15 செயலகங்கள் இருக்கின்றன. உங்கள் கிராம அலுவலர் பிரிவின் ஜே இலக்கத்தைச் சொன்னால் எது உங்களுடையது என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது, எந்த உதவி என்று தெரிந்துகொண்டு போங்கள். 2025 ஜனவரியில் இருந்து மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபா, வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபா. அதே ஆண்டில் 70 வயது கடந்த வறிய முதியவர்களுக்கான கொடுப்பனவு 5,000 ஆகவும், மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் 10,000 ஆகவும் கூடியது. பெயர் பட்டியலில் இல்லை என்றதும் இவற்றையும் சேர்த்துக் கைவிட்டுவிடாதீர்கள். தனித்தனியாகக் கேளுங்கள்.

மேன்முறையீடு எழுதும்போது "நாங்கள் கஷ்டப்பட்ட குடும்பம்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. தெரிவு நடப்பது 22 குறிகாட்டிகளை வைத்து. கல்வி, நோய், வருமானம், சொத்து, வீட்டின் நிலை, குடும்பத்தில் யார் யார் என்று எல்லாம் பார்க்கிறார்கள். மின்சாரப் பாவனையும் அதில் ஒன்று. சின்னம்மா இருப்பது சீதன வீடு. பின்பக்க அறையில் அவர், முன்பக்கத்தில் மகளின் குடும்பம். சமையல் வேறு வேறு, ஆனால் மீற்றர் ஒன்று. கணக்கெடுக்க வந்தவர் இரண்டையும் ஒரே குடும்பமாகப் பதிந்ததில் மருமகனின் மோட்டார் சைக்கிளும் சின்னம்மாவின் சொத்தாகிவிட்டது. அதைத்தான் எழுதினோம்: எந்தப் பதிவு பிழை, சரியானது என்ன, அதற்கு என்ன ஆதாரம். ஒரு பக்கம் போதும். வெளிநாட்டில் இருந்து யாராவது காசு அனுப்பினால் அதையும் உள்ளபடி எழுதுங்கள். மறைத்தால், யாராவது உங்கள் பெயருக்கு ஆட்சேபனை தெரிவிக்கும்போது முழுதும் கவிழும்.

பிறகு வீட்டுக்கு வந்து பார்த்தார்கள், மேன்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள்.

இனி, எங்களை ஒன்றரை மாதம் நிறுத்திய இடம். காசு வங்கிக் கணக்குக்குத்தான் வரும். செயலகத்துக் கடிதத்தோடு வங்கிக்குப் போனால், "இது வேற ஆளின்ர பேர் அம்மா" என்று திருப்பிவிட்டார்கள். பழைய அடையாள அட்டையில் தகப்பன் பெயரின் முதலெழுத்து, புதியதில் புருசன் பெயரின் முதலெழுத்து. இலக்கமும் வேறு. விண்ணப்பத்தில் பழைய அட்டையின் ஒன்பது இலக்கத்தையும் கடைசி "வி" எழுத்தையும் போட்டிருந்தோம். கையில் இருந்தது பன்னிரண்டு இலக்க அட்டை.

இலக்கம் உண்மையில் ஒன்றுதான். பழைய இலக்கத்துக்கு முன்னால் 19 போடுங்கள். பழையதின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு ஒரு 0 சேருங்கள். கடைசி எழுத்தை விடுங்கள். வருவதுதான் புதிய இலக்கம். இதை ஒரு தாளில் எழுதிக் காட்டியதும் வங்கியில் புரிந்துகொண்டார்கள். பெயர் அப்படிச் சுலபமாகத் தீரவில்லை. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று கிராம அலுவலரிடம் ஒரு கடிதம், சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி, திருமணப் பதிவுப் பிரதி, மூன்றையும் சேர்த்துச் செயலகத்தில் பதிவைத் திருத்திய பிறகே கணக்குத் திறந்தது. ஆகவே விண்ணப்பம் நிரப்ப முதல் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், திருமணப் பதிவு மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆங்கில எழுத்துக்கூட்டு வரை ஒப்பிடுங்கள். எங்கள் பெயர்களை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கும்.

என் பழக்கம் ஒன்று: எல்லாவற்றிலும் நாலு போட்டோக்கொப்பி, ஒரே நாளில், ஒரே கடையில். போனில் எடுத்த படத்தை நம்பிப் போகாதீர்கள், கவுண்டரில் தாள்தான் கேட்பார்கள். ஒரு சீ.ஆர். கொப்பியில் போன திகதி, பேசியவரின் பதவி, சொன்ன பதில் மூன்றையும் எழுதுங்கள். "போன கிழமை இப்படிச் சொன்னீர்களே" என்று திகதியோடு சொன்ன பிறகுதான் எங்கள் கோப்பைத் தேடி எடுத்தார்கள்.

பிற்சேர்க்கை: தீவுப் பக்கத்தில் இருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். கிராம அலுவலரின் கடிதத்தில் கையெழுத்து இருந்தும் முத்திரை இல்லை என்று திருப்பிவிட்டார்களாம். படகு ஏறிப் போகிறவர்களுக்கு அது ஒரு முழு நாள். வாங்கின இடத்திலேயே முத்திரை, திகதி, ஜே இலக்கம் மூன்றையும் பாருங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: மேன்முறையீட்டுக்குப் பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "எனது மேன்முறையீடு எந்த நிலையில் உள்ளது, எந்தக் குறிகாட்டியில் எனக்கு என்ன பதியப்பட்டுள்ளது" என்று தமிழிலேயே எழுதிச் செயலகத்துத் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு கட்டாயம் கேட்டு வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால்.

காத்திருக்கிற மாதங்களுக்கு அரிசி வேண்டுமே, அதற்கு என்ன வழி என்று கேட்டவருக்கு: அதே செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருப்பார். மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் மாதாந்த உதவிப்பணம் பற்றி அவரிடம் கேளுங்கள். ஊரில் பழைய ஆட்கள் இதைப் பிச்சைச் சம்பளம் என்று சொல்லிச் சொல்லியே பலர் கேட்கக் கூசுகிறார்கள். சின்னம்மாவும் கூசினார். நான் கூடப் போனேன். உங்கள் வீட்டு ஆளோடும் யாராவது ஒருவர் போங்கள்.