பழைய ஆவணங்களைப் பத்திரப்படுத்தப் போய்ப் பாழாக்கும் வழிகள்

ஊர் நூலகத்து அலமாரியிலும் மடத்துப் பரணிலும் கோயில் கணக்கறையிலும் கிடக்கும் பழைய கட்டுகளில் கரையானும் ராமபாணப் பூச்சியும் தின்றது ஒரு பங்கு. கண்டெடுத்தவர்கள் அக்கறையோடு செய்த காரியங்களால் போனது இன்னொரு பங்கு. பூச்சி ஓட்டைதான் போடும். அக்கறை முழுத்தாளையும் கெடுத்துவிடும். அதனால் எதைச் செய்யும் முன்பும் ஒரே கேள்வி: இதைப் பிறகு நீக்க முடியுமா?

லேமினேஷனை நீக்க முடியாது. ஜெராக்ஸ் கடை இயந்திரத்தின் சூட்டில் பிளாஸ்டிக்கில் உள்ள பசை உருகித் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். மரக்கூழில் செய்த தாள் தன் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும், உள்ளே அடைத்து வைப்பதால் அது நிற்பதில்லை. பாலியஸ்டர் உறையில் சூடோ பசையோ இல்லாமல் செருகி, இரண்டு பக்கம் திறந்து வைத்தால் போதும். பி.வி.சி. உறை கூடாது. செல்லோ டேப்பும் அப்படித்தான்: சில வருடங்களில் நாடா உதிர்ந்துவிடும், பசை மட்டும் பழுப்புக் கறையாக மறுபக்கம் வரை ஊறி நிற்கும். கிழிந்த பத்திரத்தை அமிலமற்ற தாளில் மடித்து வையுங்கள். ஒட்டும் வேலை பயிற்சி பெற்றவருடையது. துருப்பிடிக்கும் குண்டூசியையும் உருகி ஒட்டும் ரப்பர் பேண்டையும் எடுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் கட்டுங்கள்.

தூசி படிந்த பத்திரத்தை ஈரத்துணியால் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய மையில் பெரும்பகுதி கடுக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்ந்த இரும்பு மை. கறுப்பாக எழுதியது இன்று பழுப்பாகத் தெரியும். சில இடங்களில் எழுத்தின் வடிவத்திலேயே தாள் ஓட்டையாகியிருக்கும். ஈரம் பட்டால் மையின் அமிலம் சுற்றிலும் பரவும். உலர்ந்த மென்தூரிகை மட்டுமே போதும்.

ஓலைச்சுவடியில்தான் தவறுகள் அதிகம். எண்ணெய் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், எந்த எண்ணெய் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும். எலுமிச்சைப்புல் தைலத்தைப் பஞ்சில் தொட்டு இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, மிகுந்ததை உடனே துடைத்து, நிழலில் ஆறவிட்டுப் பிறகு கட்ட வேண்டும். எழுத்தாணியால் கீறிய ஓலைக்குத்தான் இந்த வைத்தியம். மேலே மையால் எழுதியதோ வண்ணம் தீட்டியதோ என்றால் தைலம் வேண்டாம். ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தியால் நெம்பினால் மேல்தோல் உரிந்து எழுத்தோடு போகும். அவற்றை அப்படியே வைத்துவிட்டு நிபுணரைத் தேடுங்கள். நைலான் கயிறு துளையை அறுக்கும், பருத்தி நூலே சரி. ஒடிந்த துணுக்கைக் குப்பை என்று பெருக்கிவிடாதீர்கள். ஏட்டெண் பெரும்பாலும் இடது ஓரத்தில்தான் இருக்கும், முதலில் ஒடிவதும் ஓரம்தான். சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதானால் மேல்துணிக்கு வைக்கலாம். ஏட்டில் வைத்தால் ஈரமும் பூஞ்சையும் வரும்.

ரசகற்பூர உருண்டை பூச்சி முட்டையைக் கொல்லாது. அதன் ஆவி பூட்டிய அறையில் வேலை செய்பவருக்குத்தான் கேடு. பூச்சி விழுந்த தாள் கட்டைப் பாலித்தீன் பையில் காற்று நீக்கி மூடி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் கழித்தே பையைப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். மழையில் நனைந்த கட்டுக்கு 48 மணி நேரம்தான் கெடு; அதற்குமேல் பூஞ்சை. வெயிலில் போட்டால் தாள் சுருங்கி மை வெளுக்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில், அச்சடிக்காத வெள்ளைத் தாளை இடையிட்டு உலர்த்துங்கள். செய்தித்தாளை வைத்தால் அதன் மை ஒட்டும்.

படித்தவர்கள் செய்யும் தவறு வேறு. கட்டைப் பிரித்து நிலம், கோயில், வழக்கு என்று பொருள்வாரியாக அடுக்குவார்கள். ஒரு கணக்குத்தாள் யாருடையது, எந்த வழக்கில் சான்றாக வந்தது என்பதை அதன் பக்கத்தில் இருந்த தாள்தான் சொல்லும். அந்த வரிசையைக் கலைத்தால் தாள் மிஞ்சும், தகவல் போய்விடும். வந்த வரிசையிலேயே பென்சிலால் ஓரத்தில் எண்ணிடுங்கள். பொருள்வாரிப் பட்டியலைத் தனி நோட்டில் போட்டுக்கொள்ளலாம்.

வருடக் கணக்கில் சறுக்குவதும் சகஜம். வருவாய்த்துறை ஆவணங்களில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் ஜூலை முதல் டிசம்பர் வரைக்கான ஆங்கில ஆண்டு. ஜனவரி முதல் ஜூன் வரைக்கு 591. 1855-இல்தான் சென்னை மாகாணத்தில் ஜூலை 1 பசலித் தொடக்கமானது, அதற்கு முந்தைய தாள்களில் ஜூலை மாதத் தேதிகளைக் கவனமாகப் பாருங்கள். நெல்லை, குமரிப் பக்கத்தில் கொல்லம் ஆண்டு வரும்: ஆவணி தொடங்கி டிசம்பர் வரை 824, அதன்பின் 825 கூட்ட வேண்டும். 'ராட்சச வருஷம்' என்று மட்டும் இருந்தால் 1855-ஆ 1915-ஆ என்று தேதி சொல்லாது, முத்திரைத்தாள் சொல்லும். முன்னது கம்பெனி ஆட்சிக் காலம். பின்னதில் பெரும்பாலும் ஐந்தாம் ஜார்ஜ் தலை இருக்கும். தமிழ் எண்ணில் ௲௮௱௯௰ என்பது 1890. ௮-ஐ (8) அ என்றும் ௭-ஐ (7) எ என்றும் படித்து நிலத்தின் அளவையே மாற்றியவர்கள் உண்டு.

கைப்பேசிச் செயலிகளின் தானியங்கித் திருத்தம் பின்னணியை வெளுக்கும்போது மங்கிய எழுத்தையும் துடைத்துவிடும். அதை அணைத்துவிட்டு, ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் அளவுகோல் வைத்து, பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பதிவெண்ணும் முத்திரை விற்றவர் குறிப்பும் அங்கேதான் இருக்கும். ஸ்கேன் என்றால் 300 டி.பி.ஐ.க்குக் குறையக் கூடாது, படியை இரண்டு இடத்தில் வையுங்கள். மூலத்தை வெளிநாட்டு வாங்குநருக்கு விற்க யாராவது ஆலோசனை சொன்னால், 75 வருடம் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள சுவடி 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது, தனியார் யாரும் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. பராமரிக்க முடியாத நிலை என்றால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையையோ அணுகுங்கள். கட்டைத் தட்டித் துடைக்காமல், கண்டெடுத்த நிலையிலேயே கொண்டு போங்கள்.