வலி மாத்திரையை விழுங்கும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

தலைவலியோ முதுகுவலியோ வந்தால் கைக்கு எட்டும் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது என்பதாலேயே அதனால் கெடுதல் இருக்காது என்ற நம்பிக்கையும் ஊறிப்போயிருக்கிறது. உரிய அளவில் எடுத்துக்கொண்டால் வலி மாத்திரை பெரும்பாலோருக்கு நன்மையே செய்கிறது. ஆனால், ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் அறியாமல் சேர்த்து விழுங்கும்போது ஆபத்து சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறது.

மாத்திரை அட்டையின் பின்புறத்தில் நிறுவனம் வைத்த பெயர் பெரிய எழுத்திலும், உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் சிறிய எழுத்திலும் அச்சிடப்பட்டிருக்கும். நாம் படிக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான். காய்ச்சலுக்காக 650 மி.கி. பாராசிட்டமாலை நாளொன்றுக்கு நான்கு வேளை எடுக்கும் ஒருவர், மூக்கடைப்புக்கென்று ஒரு சளி மாத்திரையையும் மூன்று வேளை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல சளி மாத்திரைகளில் 500 மி.கி. பாராசிட்டமாலும் கலந்திருக்கும். அப்படியானால் 2,600-உம் 1,500-உம் சேர்ந்து 4,100 மி.கி. அவர் உடலுக்குள் போய்விடுகிறது. உடல்நலமுள்ள பெரியவருக்கு 24 மணி நேரத்துக்கான உச்ச வரம்பே 4,000 மி.கி.தான். சில நாடுகளில் இதே மருந்து அசெட்டமினோஃபென் என்ற பெயரில் விற்கப்படுகிறது என்பதையும் பயணம் செய்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் பாராசிட்டமாலை ஒரு வேளைக்கு 500 முதல் 1,000 மி.கி. வரை எடுக்கலாம். அடுத்த வேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தொடர்ந்து மது அருந்துபவர்கள், பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்திருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த வரம்பே அதிகமாகிவிடலாம் என்பதால், அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே எடுக்க வேண்டும். இந்த மருந்து உடைபடும்போது உண்டாகும் நச்சுப்பொருளைக் கல்லீரல் தன்னிடமுள்ள குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருளைக் கொண்டு முறிக்கிறது. அளவு மீறினால் அந்த இருப்பு தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே தாக்கத் தொடங்குகிறது.

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், ஆஸ்பிரின் ஆகியவை வேறு வகை. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரப்பதை இவை தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கவும், சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குறையாமல் இருக்கவும் உதவுகிறது. வயிற்றெரிச்சலும் குடற்புண்ணும் வருவது இதனால்தான். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பின் எடுப்பது எரிச்சலைக் குறைக்கும். புண் வராது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. மருத்துவர் சொல்லாமல் ஐபுபுரோஃபெனை ஒரு வேளைக்கு 400 மி.கி.க்கும் ஒரு நாளைக்கு 1,200 மி.கி.க்கும் மேல் எடுக்கக் கூடாது. இந்த வகையில் இரண்டை ஒன்றாகச் சேர்த்து எடுக்கவே கூடாது.

குடற்புண், சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், வார்ஃபரின் போன்ற இரத்த உறைவு தடுப்பு மருந்து எடுப்பவர்களும், ஆஸ்பிரினால் மூச்சுத்திணறல் வந்த அனுபவமுள்ளவர்களும் இவற்றைத் தாமாக எடுக்கக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் எடுக்கும் முதியவர் மூட்டுவலிக்காக இவற்றில் ஒன்றைச் சேர்க்கும்போது, அதுவும் வாந்தி பேதியால் உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில், சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். கருவுற்று 20 வாரம் கடந்தவர்கள் மருத்துவர் சொன்னாலொழிய இவற்றைத் தொடக் கூடாது. டெங்கு என்ற ஐயம் இருந்தால் இரத்தக் கசிவு அபாயம் இருப்பதால் பாராசிட்டமால் மட்டுமே ஏற்றது.

குழந்தைகளுக்கு எடையைப் பார்த்தே அளவு தீர்மானிக்கப்படுகிறது. பாராசிட்டமால் என்றால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை. சிரப்புகளின் செறிவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறுவதால், சமையலறைக் கரண்டியை விட்டுவிட்டு உடன் வரும் அளவுக் குவளையையே பயன்படுத்துங்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருத்துவர் எழுதித் தராமல் ஆஸ்பிரின் கொடுத்தால், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி என்ற அரிய கோளாறு வரக்கூடும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு எட்டு மணிக்கு அம்மா மருந்து கொடுத்திருப்பார், அது தெரியாமல் ஒன்பது மணிக்கு அப்பாவும் கொடுப்பார். மருந்துப் பெட்டியின் மேல் ஒரு தாளை ஒட்டி, கொடுத்த மருந்தையும் நேரத்தையும் உடனுக்குடன் எழுதி வைத்தால் இந்தத் தவறு நேராது.

அட்டையை வெட்டி எடுக்கும்போது காலாவதித் தேதி உள்ள முனையைக் கடைசிவரை விட்டுவையுங்கள். நின்று நிதானமாகக் கரையும் மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

மூன்று நாளுக்கு மேல் காய்ச்சலோ, பத்து நாளுக்கு மேல் வலியோ நீடித்தால் மாத்திரையைத் தொடராமல் மருத்துவரைப் பாருங்கள். தலைவலிக்காக மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, சில மாதங்கள் தொடர்ந்து மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கத் தொடங்கும். நெஞ்சுவலி, கருநிறத்தில் மலம், காப்பித்தூள் போன்ற வாந்தி ஆகியவை தென்பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பாராசிட்டமால் அளவு மீறிப் போய்விட்டது என்று தெரிந்தால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். முதல் நாள் முழுக்க எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். இதற்கு அசெட்டைல்சிஸ்டீன் என்ற நச்சு முறிவு மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. எத்தனை மாத்திரைகள், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, காலி அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் புறப்படுங்கள்.