பிள்ளை துப்பாக்கி சுடப் பழகணும் என்கிறதா? எங்கிருந்து தொடங்குவது

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு, "நானும் ஷூட்டிங் கத்துக்கணும்" என்று கேட்கிற பிள்ளைகளைப் பல வீடுகளில் பார்க்க முடிகிறது. பெற்றோர் சிலர் பயந்துபோய் பேச்சையே மாற்றுகிறார்கள், சிலர் அன்று ராத்திரியே போனில் ஏர் ரைஃபிள் விலை பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். பிள்ளைகள் தொடங்க வேண்டியது 10 மீட்டர் தூரக் குறியைக் காற்றழுத்தத்தால் சுடுகிற ஏர் ரைஃபிளிலோ ஏர் பிஸ்டலிலோதான், அதுவும் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், கோச் பக்கத்தில் நிற்கும்போது.

ஆனால் அதற்கு முன்னாடியே நம் வீட்டில் ஒரு துப்பாக்கிப் பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தீபாவளிக்கு கேப் துப்பாக்கி வாங்கித் தருகிறோம், பிள்ளை அதைத் தாத்தாவின் நெற்றிக்கு நேராக நீட்டி "டிஷ்யூம்" என்கிறது, அவரும் நாக்கைத் தள்ளி விழுந்து காட்டுகிறார். சின்ன வயதில் சரி, போகட்டும். ரேஞ்சுக்கு அனுப்புவது என்று முடிவெடுத்த நாளிலிருந்து இதை நிறுத்திவிடுங்கள், பொம்மையாகவே இருந்தாலும் முனை ஆள் பக்கம் போகக் கூடாது. மெரினாவில் பலூன் சுடுகிற கடைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்: பலூன் வெடித்த சந்தோஷத்தில் சுட்டவர் துப்பாக்கியோடு அப்படியே திரும்பி, பின்னால் நிற்கிற வீட்டாரைப் பார்த்துச் சிரிப்பார், பெரியவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ரேஞ்சில் ஆபத்து பெரும்பாலும் இந்தத் திரும்புதலில்தான் இருக்கிறது. யாரும் கூப்பிட்டால் முதலில் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு அப்புறம் திரும்பு என்பதை, சும்மா ஒரு தடியைக் கையில் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டிலேயே பழக்கலாம். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டும்கூட.

மற்ற விதிகள் அதிகமில்லை. குண்டு இல்லை என்று யார் சொன்னாலும் இருக்கிறது என்றே நினைத்துக் கையாள வேண்டும். குறி பார்த்து முடிக்கும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. சுடாத நேரத்தில் குழாய்க்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நீளமான சேஃப்டி ஃப்ளாக் கிடக்க வேண்டும், அதைப் பார்த்தால்தான் தள்ளி நிற்பவருக்கும் உள்ளே பெல்லட், அதாவது ஏர் துப்பாக்கியின் சின்னக் குண்டு, இல்லை என்று தெரியும். "ஸ்டாப்" என்ற சத்தம் கேட்டால், யார் சொன்னாலும், எதற்குச் சொன்னாலும், அந்த நொடியே நிறுத்த வேண்டும், "இந்த ஒண்ணு மட்டும்" என்ற பேச்சே கிடையாது. துப்பாக்கி மக்கர் செய்தால் அதைத் தூக்கிக்கொண்டு கோச்சிடம் ஓடக் கூடாது, முனை டார்கெட் பக்கமே இருக்க, கையைத் தூக்கிக் காத்திருக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கே தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகி நிமிஷங்கள் போயின, ஆக பழுது என்பது எல்லோருக்கும் வரும், பதறாமல் இருக்கப் பழக்குவதுதான் நம் வேலை.

ரேஞ்சைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாமல் முதலில் நீங்கள் மட்டும் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் கோப்பைகளை விடுங்கள். டார்கெட் மாற்ற ஒருவர் முன்னே போகும்போது மற்றவர்கள் துப்பாக்கியைத் தொடுகிறார்களா? தொட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். புதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கிறாரா, வேடிக்கை பார்ப்பவர்கள் ஃபயரிங் லைனுக்கு (சுடுபவர்கள் நிற்கிற கோடு) பின்னால் தள்ளி இருக்கிறார்களா, கோச் செல்போனிலேயே இருக்கிறாரா என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். மாநில ரைஃபிள் சங்கத்தில் இணைந்த கிளப்பா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் போட்டிக்குப் போக அது தேவைப்படும்.

ஏர் கன்தானே என்ற அலட்சியம் பலருக்கு இருக்கிறது. போட்டி ரைஃபிளிலிருந்து பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, ஒரு கண்ணைப் பறிக்க அது தாராளம். 4.5 மி.மீ. குழாயும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மைதான், அதனால் மொட்டைமாடியில் வைத்துச் சுடலாம் என்று அர்த்தமில்லை. சுவரில் பட்ட பெல்லட் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. மைனா, கிளி, கொக்கு என்று குறி வைக்க ஆரம்பித்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு வந்து நிற்கும்.

வயது? பத்து, பன்னிரண்டு சரியாக இருக்கும் என்பது என் கணக்கு. ஆனால் வயதைவிட, சொன்னதை முதல் தடவையிலேயே கேட்கிற பிள்ளையா என்பதைத்தான் நான் பார்ப்பேன், பதினான்கு வயதிலும் கேட்காத பிள்ளைக்கு இன்னும் நேரம் வரவில்லை. அடுத்தது உடம்பு. போட்டி ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம், பெரும்பாலும் நாலு கிலோவைத் தாண்டிவிடும், வளர்கிற முதுகுக்கு அது லேசில்லை. தொடக்கத்தில் ஸ்டாண்டிலோ மேசையிலோ தாங்கல் கொடுத்துச் சுடவைக்க வேண்டும், நின்றுகொண்டு தூக்கும் நேரத்தை மெதுவாகத்தான் கூட்ட வேண்டும், பயிற்சி முடிந்ததும் மறுபக்கமாக வளைந்து நிமிர்கிற உடற்பயிற்சியும் தேவை. முதுகு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒற்றைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு குறி பார்ப்பதும் வேண்டாம், முகம் முழுக்கக் களைத்துப்போகும், மறு கண்ணுக்கு முன்னால் ஒரு மறைப்பு வைத்துவிட்டு இரண்டையும் திறந்தே வைத்துக்கொள்ளட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

பெல்லட் ஈயம். சில பிள்ளைகள் கை ஒழியவில்லை என்று அதை வாயில் போட்டு வைத்துக்கொள்ளும், கடுமையாகத் தடுக்க வேண்டிய பழக்கம் அது. ரேஞ்சுக்குள் முறுக்கு, பிஸ்கட் எதுவும் வேண்டாம், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

முதல் சில வாரம் பிள்ளை அதிகம் சுடாது, அதற்காகக் கட்டணம் வீண் என்று கோச்சிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நிற்பது, மூச்சு, துப்பாக்கியைப் பிடித்தபடி அசையாமல் இருக்கும் ஹோல்டிங், பெல்லட் இல்லாமல் டிரிகர் இழுக்கும் ட்ரை பிராக்டிஸ் என்றுதான் போகும். பிறகு வெறும் வெள்ளைத் தாளில் சுடச் சொல்வார்கள், எங்கே பட்டது என்பது முக்கியமில்லை, எல்லாம் ஒரே இடத்தில் பட்டதா என்பதுதான், இதற்குக் குரூப்பிங் என்று பெயர். 2008 ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 0.5 மி.மீ. அகலம், அதைத் தொட அவசரப்படுத்தினால் பிள்ளை டிரிகரை வெடுக்கென்று இழுக்கக் கற்றுக்கொள்ளும், அப்புறம் அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. வீட்டுக்கு வந்ததும் "எத்தனை பாயிண்ட்?" என்று கேட்காதீர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா பேச்சை இப்போதே எடுக்கவே எடுக்காதீர்கள்.

சொந்தத் துப்பாக்கி உடனே வேண்டாம், கிளப் துப்பாக்கியே போதும். வெளிநாட்டுப் போட்டி ரைஃபிள்கள் லட்சங்களில் விற்கின்றன, உயரம் வளர வளர அளவும் மாறும். ஒரு வருஷம் கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் வாங்குங்கள், பூட்டுள்ள பெட்டியும் சேர்த்து. பெல்லட் வேறு அலமாரியில், இரண்டு சாவியும் உங்களிடம். பழையதாக வாங்கினால் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள், பொதுவாக 10 வருடம்தான் கெடு, அது தாண்டியிருந்தால் புது சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.