எண்ணூரைப் பத்து சென்டிமீட்டரில் வரைவது

செய்தித்தாளுக்குக் கேலிச்சித்திரம் வரையும்போது, பென்சிலைத் தொடுமுன் கருத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை எடுத்துக்கொள்வோம். "ஆற்றில் எண்ணெய்" என்பது செய்தி. "கொட்டியவர் வேறு, குவளையால் அள்ளுபவர் மீனவர்" என்பது கருத்து. படகு, குவளை, பின்னால் ஒரு புகைபோக்கி போதும். மீனவரைக் கேலிப்பொருளாக்கிவிடாதீர்கள், குத்து பொறுப்பாளி மேல்தான் விழ வேண்டும்.

அச்சில் 10 செ.மீ. அகலம் என்றால் 20 செ.மீ.யில் வரையுங்கள். பாதியாகச் சுருங்கும்போது 0.2 மி.மீ. கோடு அறுந்துபோகும், முக்கியக் கோடுகளுக்கு 0.8 பேனா எடுங்கள். எண்ணெய்ப் படலத்தை நெருக்கமான குறுக்குக்கோடுகளால் காட்ட ஆசை வரும், வேண்டாம். செய்தித்தாள் காகிதத்தில் மை பரவும், இடைவெளி அடைபட்டு வெறும் அழுக்காகத் தெரியும். முழுக் கறுப்பாகப் பூசி, நடுவே இரண்டு வெள்ளை வளைவுகள் விடுங்கள், பளபளப்பு வந்துவிடும்.

எழுத்து மூலப்படத்தில் 7 மி.மீ. உயரமாவது இருக்கட்டும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் காணாமல் போகும். 'ணெ', 'னை' சுழிகள் அடைபடும். ஸ்கேன் 600 டிபிஐக்குக் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) குறைய வேண்டாம்.

அச்சளவில் நகலெடுத்து, காசிமேடு டீக்கடையில் யாரிடமாவது விளக்கம் சொல்லாமல் நீட்டுங்கள். ஐந்து நொடியில் புரியவில்லையா? பொருள்கள் மேல் பெயர் எழுதி ஒப்பேற்றாமல், படத்தையே மாற்றி வரையுங்கள்.