மேஸ்திரியின் தேதியும் பால் காய்ச்சும் நாளும்: வாடகை வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேடவாக்கத்தில் ஒரு பழைய அடுக்ககத்தில் வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வாங்கியிருக்கும் இளம் தம்பதியர், சென்ற மாதம் என்னை அழைத்துச் சென்று காட்டினார்கள். குளியலறைத் தளம் உடைபட்டுக் கிடந்தது. சமையல் மேடைக்கான கருங்கல் வந்து சேரவில்லை. ஆனால் குடிவரப்போகும் குடும்பத்திடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, பால் காய்ச்சுவதற்கு நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலுமாக நான்கு வீடுகளைப் பல ஆண்டுகளாக வாடகைக்கு விட்டு வரும் நான், என் தொடக்க காலத்தில் செய்த அதே தவறு அதே வரிசையில் அங்கே நடப்பதைக் கண்டேன். பத்திரம் பாருங்கள், வில்லங்கச் சான்று வாங்குங்கள் என்பதையெல்லாம் சொல்வதற்குப் பலர் இருக்கிறார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மேஸ்திரி சொன்ன தேதியை வாடகைதாரருக்குக் கொடுப்பது

2011இல் குரோம்பேட்டையில் என் முதல் மாடி வீட்டில் குடியிருந்தவர்கள் ஆனி மாதக் கடைசியில் காலி செய்தார்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் பெரும்பாலும் யாரும் வீடு மாறுவதில்லை. ஆகவே ஆடி மாதம் முழுவதும் வேலைக்குக் கிடைத்துவிட்டது என்று கணக்குப் போட்டேன். குளியலறையை முழுவதும் உடைத்துப் புதிதாகக் கட்டித்தர இருபது நாள் போதும் என்று மேஸ்திரி சொன்னார். அந்தச் சொல்லை நம்பி, ஆவணியின் முதல் முகூர்த்த நாளிலேயே பால் காய்ச்சலாம் என்று ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்தேன்.

ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் மாதமும்கூட. கொத்தனாரும் சித்தாள்களும் திருவிழாவுக்காகச் சொந்த ஊருக்குப் போனார்கள். எட்டு நாள் வேலை நின்றது. மேஸ்திரிக்கு வேறு இரண்டு இடங்களிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. நாள் குறையும்போது வேலையில் எது விடுபடும் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். டைலும் வண்ணப்பூச்சும் கண்ணுக்குத் தெரிபவை என்பதால் விடுபட மாட்டா. தளத்துக்கு அடியில் மறைந்துவிடும் வேலைதான் விடுபடும்.

மாடிக் குளியலறைகளில் பெரும்பாலும் தளம் மற்ற அறைகளைவிடத் தாழ்த்திப் போடப்பட்டிருக்கும். சங்கன் என்று கட்டட வேலைக்காரர்கள் சொல்வது அதைத்தான். அந்தப் பள்ளத்துக்குள் கழிவுநீர்க் குழாய்களைப் பதித்து, கசிவுத்தடுப்புப் பூச்சு பூசி, அது காய்ந்தபின் குழாய் வாய்களை அடைத்துவிட்டு, நிறையத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியவில்லை என்று உறுதியான பிறகுதான் செங்கல் ஜல்லியைக் கொட்டி நிரப்பி, மேலே டைல் ஒட்ட வேண்டும். கசிவு பெரும்பாலும் குழாய் கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. ஜல்லி போட்டு மூடிவிட்டால் அந்த இடத்தைப் பார்ப்பதற்கு மறுபடியும் உடைப்பதைத் தவிர வழியில்லை. என் வீட்டில் பூச்சு காய்வதற்கும் நாள் விடவில்லை, தண்ணீரும் தேக்கவில்லை. நாள் நெருங்குகிறது, சீக்கிரம் முடியுங்கள் என்று அவசரப்படுத்தியவன் நான்தான்.

குடும்பம் வந்து மூன்றாவது வாரத்தில், கீழ்வீட்டு அம்மா என்னைத் தம் சமையலறைக்குக் கூட்டிச் சென்று அண்ணாந்து பார்க்கச் சொன்னார். தட்டு அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம், அதன் நடுவில் துளித்துளியாகக் கோத்து நிற்கும் நீர். இரண்டு நாளில் அந்த இடத்துப் பூச்சு பெயர்ந்து அவர் அடுப்பின் மேலேயே விழுந்தது. முதல் வேலைக்கு 41,000 ரூபாய் கொடுத்திருந்தேன். உடைத்து மறுபடி செய்ததற்கும் கீழ்வீட்டுக் கூரையைச் சரிசெய்து வண்ணம் அடித்ததற்குமாக 57,000 ரூபாய் ஆயிற்று. ஒரு மாத வாடகையையும் விட்டுக்கொடுத்தேன். பதினெட்டு நாள் அந்தக் குடும்பம் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் குளித்தது. அவர்கள் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. தை பிறந்ததும் காலி செய்துவிட்டார்கள். நல்ல மனிதர்களை அப்படி அனுப்பிவைத்தது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அதற்குப் பிறகு ஒன்றை மாற்றாமல் கடைப்பிடிக்கிறேன்: தண்ணீர் தேக்கிப் பார்த்து முடியும்வரை டு-லெட் பலகையைத் தொங்கவிடுவதில்லை, தரகரிடமும் சொல்வதில்லை. ஒரு மாத வாடகை போகுமே என்று அந்தத் தம்பதியரும் கேட்டார்கள். போகும்தான், மேலே சொன்ன கணக்கோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சனிக்கிழமைதோறும் பணம் கொடுப்பது

ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும் என்று மேஸ்திரி சனிக்கிழமை மாலை வந்து நிற்பார். அவருடைய தேவை உண்மையானது. ஆனால் வாரக் கணக்கில் கொடுத்துக்கொண்டே போனால் வேலை பாதியில் நிற்கும்போது பணம் முழுவதும் போயிருக்கும், கசிவைச் சொல்ல அழைத்தால் தொலைபேசியை எடுக்க மாட்டார். உடைத்து அள்ளியபின் இவ்வளவு, தண்ணீர் தேக்கிப் பார்த்தபின் இவ்வளவு, டைல் முடிந்தபின் இவ்வளவு என்று படிநிலையாகப் பிரித்து, கால் பங்கையாவது இரண்டு வாரம் புழங்கிப் பார்த்தபின் தருவதாக முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். நேர்மையான மேஸ்திரிகள் இதற்கு ஒப்புக்கொள்கிறார்கள்.

மேஸ்திரியிடம் ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று வாய்ப்பேச்சாகப் பேசுவது

குழாயின் தரம், டைலின் அளவு, இடிபாட்டை அள்ளும் செலவு யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

பதினோரு மாதப் பத்திரம் போதும் என்று நினைப்பது

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதால் பதினோரு மாதத்துக்கு எழுதும் வழக்கம் வந்தது. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், எத்தனை மாதத்துக்கு எழுதினாலும் வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யவும் வேண்டும். வீட்டுக்குள் எந்தப் பழுது யாருடைய பொறுப்பு என்பதையும் அதன் அட்டவணை பிரித்துச் சொல்கிறது: கட்டடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடிப்பு, மின்கம்பி மாற்றுவது ஆகியவை உரிமையாளருக்கு, தண்ணீர்க் குழாயின் வாஷர், சுவிட்ச், கதவின் பூட்டு போன்றவை குடியிருப்பவருக்கு. இந்தப் பிரிவினையை ஒப்பந்தத்திலேயே தமிழில் எழுதிச் சேர்த்த பிறகு எனக்கு வரும் சச்சரவுகள் வெகுவாகக் குறைந்தன.

வாடகை பாக்கிக்காகத் தண்ணீரை நிறுத்துவது

சட்டம் தடுக்கிறது, செய்யாதீர்கள்.

குடிவரும் நாளில் மின்மீட்டரைப் படம் எடுக்காமல் விடுவது

இருவரும் நிற்கும்போதே எடுத்து அனுப்புங்கள்.

வாடகைதாரரின் அட்வான்ஸை மேஸ்திரிக்கு அட்வான்ஸாகக் கொடுப்பது

பேச்சுவழக்கில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. அதனாலோ என்னவோ, ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுத்துவிடுகிறார்கள். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்ட பழக்கம் இந்த ஆசையை வளர்த்துவிட்டது. இப்போதைய சட்டம் மூன்று மாத வாடகையையே அளவாகக் குறிப்பிடுகிறது. அது குடியிருப்பவர் காலி செய்தால் திருப்பித் தர வேண்டிய பணம். புதிதாக ஒருவர் வந்து முன்பணம் தந்தால்தான் பழையவருக்குத் தர முடியும் என்ற நிலைக்குப் போய்விட்டால், வேலை முடியாத வீட்டுக்கு மறுபடியும் ஆள் தேட வேண்டியிருக்கும். மேடவாக்கத்துத் தம்பதியர் செய்திருந்ததும் இதுதான். பிறகு வேறிடத்தில் கடன் வாங்கி அந்தக் குடும்பத்தின் முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டார்கள். பால் காய்ச்சும் நாளை மூன்று வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று நேரில் போய்க் கேட்டார்கள். அந்தக் குடும்பம் ஒப்புக்கொண்டது. தண்ணீர் தேக்கிய இரண்டாம் நாள் காலையில், குழாய் இறங்கும் இடத்துக்கு நேர் கீழே கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. ஜல்லி இன்னும் கொட்டியிருக்கவில்லை.